ஆளை விடுங்கள், பேட்டரியைப் பிடியுங்கள்: டெரிட்டோரியல் பீரங்கி அதிகாரி ஒருவரின் போர்க்காலத்தைத் தேடுவது எப்படி

லீட்ஸில் ஒரு பழம்பொருள் ஏலத்தில் பிஸ்கட் டப்பா ஒன்று வாங்கினேன். உள்ளே மூன்றே பொருட்கள். சீருடையில் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் புகைப்படம், ஒரு தொப்பிச் சின்னம், பச்சை ரிப்பனில் நடுவே மஞ்சள் கோடு ஓடும் ஒரு பதக்கம். புகைப்படத்தின் பின்னால் குடும்பப் பெயரும் ஒரே ஒரு முதலெழுத்தும் பென்சிலில் எழுதியிருந்தது. “ரெகுலர் ஆர்மி மேஜர்”, அதாவது முழுநேரப் படைக்காரர், என்றார் விற்றவர். ஓய்வு பெறும்வரை நான் கணக்குத் தணிக்கை செய்தவன். வவுச்சர் இல்லாமல் எதையும் வரவு வைக்காத ஆள். அப்படியிருந்தும் எட்டு மாதம் தவறான ஆளின் பின்னால் அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அவர் பெயர் இங்கே வேண்டாம், மேஜர் என்றே சொல்லிக்கொள்வோம்.

முதலில், உங்கள் ஆள் பகுதிநேரக்காரர்தானா என்று பாருங்கள். என் டப்பாவில் இருந்த சின்னமே அதைச் சொல்லிவிட்டது. பிரிட்டிஷ் பீரங்கிப் படையான ராயல் ஆர்ட்டிலரியின் தொப்பிச் சின்னத்தில் கிரீடத்துக்கும் பீரங்கிக்கும் நடுவே ஒரு பட்டை இருக்கும். அதில் ‘எங்கெங்கும்’ என்று பொருள்படும் ‘உபிக்வே’ என்ற லத்தீன் சொல் இருந்தால் ரெகுலர் படை. முதல் உலகப் போர்க் காலத்துப் பகுதிநேரப் படையினருக்கு அந்தச் சொல்லைத் தரவில்லை. பட்டையில் இலைக்கொத்து மட்டும்தான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், இலைகள். புகைப்படத்தில் காலர் சின்னத்துக்குக் கீழே சின்னதாக ஒரு ‘டி’ எழுத்தும் தெரிந்தது. அது டெரிட்டோரியல் என்பதன் முதல் எழுத்து. ஏலக்காரரின் ‘ரெகுலர் மேஜர்’ அன்று இரவே காலாவதி ஆகிவிட்டார்.

பின்னணி கொஞ்சம் தெரிந்தால் போதும். போர் அமைச்சர் ஹால்டேன், பழைய வாலண்டியர் படைகளையும் யோமன்ரி குதிரைப்படைகளையும் சேர்த்து 1908 ஏப்ரல் 1-ஆம் தேதி டெரிட்டோரியல் ஃபோர்ஸ் என்று ஒன்றை ஏற்படுத்தினார். மொத்தம் 14 டிவிஷன்கள். வாரநாளில் வக்கீலாகவோ கம்பளி வியாபாரியாகவோ இருப்பவர்கள் மாலையில் டிரில் ஹாலுக்கு வந்து பயிற்சி எடுப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை 15 நாள் முகாம். ‘சனிக்கிழமை இரவுச் சிப்பாய்கள்’ என்று கேலியும் உண்டு. சட்டப்படி இவர்கள் உள்நாட்டுக் காவலுக்கு மட்டும்தான். கடல் கடந்து போகச் சம்மதம் என்று தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். 1914 ஆகஸ்டில் பெரும்பாலோர் போட்டார்கள்.

சரி, தேடலுக்கு வருவோம். முதல் நிறுத்தம் லண்டன் கெசட். அரசிதழ்தான். இணையத்தில் இலவசம். அதிகாரியாக நியமனம், பதவி உயர்வு, விருது, ராஜினாமா எல்லாம் அதில் வரும். ஆனால் பெயரைத் தட்டச்சு செய்து தேடினால் பாதிதான் கிடைக்கும், ஏனென்றால் பழைய அச்சைக் கணினி தப்பும் தவறுமாகப் படித்து வைத்திருக்கிறது. பெயரோடு நிற்காமல், படைப்பிரிவின் பெயரைப் போட்டு, மாதக்கணக்கில் தேதி வரம்பு வைத்துத் தேடுங்கள். டெரிட்டோரியல்களுக்குத் தனித் தலைப்பு இருக்கும். அதன் கீழ் ராயல் ஃபீல்ட் ஆர்ட்டிலரி, அதன் கீழ் ஊர்ப்பெயரோடு பிரிகேட். என் மேஜர் கிடைத்தது ‘1-ஆம் வெஸ்ட் ரைடிங் பிரிகேட்’ என்ற வரிக்குக் கீழே. லீட்ஸ்காரப் படை அது.

கெசட்டைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். ஒன்று, இதழின் தேதி வேறு, அடைப்புக்குறிக்குள் இருக்கும் தேதி வேறு. பதவி நடைமுறைக்கு வந்தது அடைப்புக்குறித் தேதியில். இதழ் பல மாதம் கழித்து வந்திருக்கலாம். இன்னொன்று, பதவியின் முன்னால் ஒட்டியிருக்கும் குட்டிச் சொல். டெம்பரரி, ஆக்டிங் என்றெல்லாம் வரும். என் ஆளைப் பற்றி 1916-ல் ஒரு வரி வருகிறது: ஒரு பேட்டரிக்கு, அதாவது சேர்ந்து சுடும் சில பீரங்கிகள் கொண்ட குழுவுக்கு, தலைமை தாங்கும் காலத்துக்கு மட்டும் ஆக்டிங் மேஜர். அந்த ஒரு வரி ஒரு கதையே சொல்கிறது. பேட்டரியை நடத்த வேண்டியவர் மேஜர். அந்த இடம் காலியாகியிருக்கிறது, கேப்டன் ஒருவர் ஏறியிருக்கிறார். பின்னால் ‘அந்தப் பதவியைத் துறக்கிறார்’ என்று வந்தால் தண்டனை என்று பதறாதீர்கள். காயம்பட்டு மருத்துவமனைக்குப் போனாலும் அந்த வரி வரும், விடுப்பிலிருந்து மூத்தவர் திரும்பினாலும் வரும்.

இனி என் எட்டு மாதக் கதை.

ஒரே பிரிகேடில், ஒரே குடும்பப் பெயரில், ஒரே முதலெழுத்தோடு இரண்டு அதிகாரிகள் இருந்தார்கள். எனக்கு அது தெரியாது. முதலில் கண்ணில் பட்டவர் 1914 செப்டம்பரில் செகண்ட் லெப்டினன்டாகச் சேர்ந்தவர். அவர்தான் நம்மவர் என்று முடிவு கட்டி, பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தேன். கடைசியில் ஒருநாள் அந்தப் பச்சை ரிப்பன் பதக்கத்தைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. ஓக் இலை வளையம், நடுவே அரசரின் பெயரெழுத்து. அது டெரிட்டோரியல் டெக்கரேஷன். 1908-ல் ஏற்படுத்திய விருது, அதிகாரியாக 20 வருடம் இருந்தால்தான் கிடைக்கும். போர்க்காலச் சேவை மட்டும் இரண்டு மடங்காகக் கணக்கில் சேரும். விருது கெசட்டில் வந்தது 1919. கணக்குப் போடுங்கள்: 1919-லிருந்து 20 கழித்தால் 1899. போருக்காகக் கிடைத்த இரட்டைச் சலுகை நாலு வருடத்துக்குக் கொஞ்சம் மேல். ஆக அவர் 1903 அல்லது 1904-ல் சேர்ந்திருக்க வேண்டும். 1914-ல் சேர்ந்த பையனுக்கு அந்தப் பதக்கம் எப்படி வரும்? ஒரு கழித்தல் கணக்கைச் சோம்பேறித்தனத்தால் போடாமல் விட்டேன். தணிக்கையாளன் வேறு! 1904 கெசட்டைத் திறந்தேன், நம்மவர் பழைய வாலண்டியர் பீரங்கிப் படையில் உட்கார்ந்திருந்தார். 1908-ல் புதுப் படைக்கு மாறியபோது, வாலண்டியர் படையில் இருந்த அதே மூப்போடு என்று குறிப்பும் இருந்தது.

ஆகவே பெயரை நம்பாதீர்கள், மூப்புத் தேதியை, அதாவது அந்தப் பதவியில் மூப்பு எண்ணத் தொடங்கும் தேதியை, நம்புங்கள். ஒரு அதிகாரியின் கைரேகை அதுதான். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பழைய ஆர்மி லிஸ்ட்களை, அதாவது ராணுவ அதிகாரிகளின் அதிகாரபூர்வப் பட்டியல்களை, இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மாதப் பட்டியலில் ஒவ்வொரு பிரிகேடின் கீழும் அதிகாரிகள் பதவிவாரியாக, மூப்புத் தேதியோடு இருப்பார்கள். இரண்டு பேரும் அங்கே ஒரே பத்தியில், பத்து வரி இடைவெளியில் இருந்தார்கள். முதல் நாளே இதைத் திறந்திருக்கலாம்.

அடுத்ததுதான் பலரும் வழி தவறும் இடம். ஆளைத் தேடி ஆவணங்களுக்குள் போனால் பெயர் அங்கங்கே தலைகாட்டிவிட்டு மறையும். அவர் இருந்த பேட்டரியை மாதம் மாதமாகப் பின்தொடர்ந்தால் அவர் கூடவே வருவார். சிக்கல் என்னவென்றால் படைகள் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தன. பீரங்கிப் படையில் அந்தக் காலத்து ‘பிரிகேட்’ என்பது நாலாயிரம் பேர் கொண்ட காலாட்படை பிரிகேட் அல்ல. ஒரு லெப்டினன்ட் கர்னலின் கீழ் மூன்று நான்கு பேட்டரிகள், அவ்வளவுதான். டெரிட்டோரியல் பேட்டரிக்கு ஆரம்பத்தில் நான்கே பீரங்கிகள், அதுவும் 15 பவுண்டு குண்டு சுடும் பழைய 15 பவுண்டர். ரெகுலர்களிடம் 18 பவுண்டர் இருந்தபோது, 49-ஆம் வெஸ்ட் ரைடிங் டிவிஷன் 1915 ஏப்ரலில் பிரான்ஸுக்குக் கொண்டுபோனது இந்தப் பழசைத்தான்.

பெயர்க் குழப்பம் இப்படிப் போகிறது. 1914-ல் ஊரில் இரண்டாவது வரிசைப் படை ஒன்று திரட்டியதும் பழையது 1/1 என்றும் புதியது 2/1 என்றும் ஆனது. அந்தச் சாய்கோட்டைக் கவனிக்காமல் விட்டால் ஆள் பிரான்ஸில் இருக்கும்போது நீங்கள் இங்கிலாந்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள். 1916 மே மாதம் ஊர்ப்பெயர்களை எடுத்துவிட்டு எண் கொடுத்தார்கள். 1/1 வெஸ்ட் ரைடிங், 245-ஆம் பிரிகேட் ஆனது. 1/2 வெஸ்ட் ரைடிங், 246. எண்ணை ரோமன் எழுத்தில் எழுதியிருப்பார்கள், நீளமாக இருக்கும், பயப்பட வேண்டாம். பேட்டரிகளும் ஏ, பி, சி, டி ஆகிவிட்டன. ஹோவிட்சர் (குண்டை உயரே வளைத்து வீசும் பீரங்கி) பிரிகேடுகளைக் கலைத்து, ஒவ்வொரு பிரிகேடுக்கும் ஒரு ஹோவிட்சர் பேட்டரியாகப் பங்கு போட்டார்கள். 1917 தொடக்கத்தில் இன்னொரு குலுக்கல். டிவிஷனுக்கு இரண்டு பிரிகேடுகள் மட்டும் மிஞ்சின. மற்றவை கலைந்தன, அல்லது எந்த டிவிஷனுக்கும் சொந்தமில்லாமல் தேவைப்பட்ட இடத்துக்கு ஓடும் ஆர்மி பிரிகேடுகள் ஆயின. ஆர்மி லிஸ்டோ இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் பழைய ஊர்ப்பெயரையே அச்சடித்துக்கொண்டிருந்தது. ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: தேதி, கெசட்டில் உள்ள பெயர், களத்தில் இருந்த பெயர். நான் ஒட்டி ஒட்டி நீட்டிய தாள் இப்போது ஒரு முழம் இருக்கிறது.

பெயர் பிடிபட்டுவிட்டதா? அப்புறம் போர் நாட்குறிப்பு. லண்டனுக்குப் பக்கத்தில் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசை. பிரான்ஸ், பெல்ஜியம் பகுதிகளை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு பிரிகேடும் சி.2118 என்ற ராணுவப் படிவத்தில் தினமும் எழுதியது. சிப்பாய்களின் பெயர் அபூர்வமாகத்தான் வரும், அதிகாரிகள் பெயர் அடிக்கடி வரும்: யார் விடுப்பில் போனார், யார் காயம்பட்டார், யார் காலாட்படையோடு முன்னால் போய் இலக்குப் பார்த்தார். டிவிஷன் பீரங்கித் தலைமையகத்துக்குத் தனி நாட்குறிப்பு உண்டு. பிரிகேட் நாட்குறிப்பு ‘அமைதியான நாள்’ என்று ஒற்றை வரியில் முடித்த நாளுக்கு, அதில் ஒரு பக்கம் இருக்கும். இன்னொன்று: டிவிஷன் ஓய்வுக்குப் பின்வாங்கியது என்று வரலாற்றில் படித்தால் உங்கள் ஆளும் ஓய்வெடுத்தார் என்று எழுதிவிடாதீர்கள். காலாட்படை போன பிறகும் பீரங்கிகளை அங்கேயே நிறுத்திவைத்து, புதிதாக வந்த டிவிஷனுக்குச் சுட வைப்பது வழக்கம்.

நாட்குறிப்பில் பேட்டரி நின்ற இடம் ஊர்ப்பெயராக வராது. ‘57டி, க்யூ.30.பி.4.6’ என்பது போல ஒரு கோவை இருக்கும். இதைப் படிக்கப் பழகினால் அதைவிடச் சுகம் வேறில்லை. 57டி என்பது வரைபடத் தாளின் எண், சோம் போர்க்களத்தின் வடபகுதி அதில்தான். ‘க்யூ’ பெரிய சதுரம். அதற்குள் 30 என்ற எண்ணுள்ள சதுரம், பக்கத்துக்கு 1000 கஜம். அதை நான்காகப் பிரித்தால் மேல்வரிசையில் இடம் ஏ, வலம் பி. கீழே இடம் சி, வலம் டி. நமக்கு வேண்டியது மேல் வலது கால் சதுரம், பக்கம் 500 கஜம். அதன் இடது கீழ் மூலையில் விரலை வையுங்கள். முதல் எண் 4, அதாவது பத்தில் நாலு பங்கு கிழக்கே, 200 கஜம். அடுத்தது 6, வடக்கே 300 கஜம். விரல் நிற்கும் இடத்தில் பேட்டரி. மேலே சொன்ன ஸ்காட்லாந்து நூலகத்தின் தளத்திலேயே பதுங்குகுழி வரைபடங்களை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். என் மேஜரின் பேட்டரி நின்ற இடம் ஒன்று இப்போது உழுத வயல். 1915 டிசம்பர் 19 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர முனையில் ஜெர்மானியர்கள் பிரிட்டிஷ் படை மீது முதல் முறையாக ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவை விட்டார்கள், 49-ஆம் டிவிஷன் அந்த வழியில்தான் இருந்தது. அன்றைய பக்கத்தை மட்டும் மூன்று முறை படித்தேன்.

யாருக்கு என்ன பதக்கம் என்று பதிந்த பதக்க அட்டைகள் பற்றிச் சுருக்கமாக: வரிசை டபிள்யூ.ஓ. 372. முதல் போரில் அதிகாரிகள் பதக்கத்துக்குத் தாங்களே விண்ணப்பிக்க வேண்டியிருந்ததால், அட்டையில் பெரும்பாலும் வீட்டு முகவரி இருக்கும். பின்பக்கத்தையும் படம் எடுத்த பதிப்பாகப் பாருங்கள்.

உங்கள் ஆள் இரண்டாம் போர்க்காரர் என்றால் வழி அதேதான், மைல்கற்கள் வேறு. படையின் பெயர் அப்போது டெரிட்டோரியல் ஆர்மி. 1938 இறுதியில் பீரங்கி ‘பிரிகேட்’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘ரெஜிமென்ட்’ ஆக்கினார்கள். 1939 மார்ச் 29 அன்று டெரிட்டோரியல் ஆர்மியை இரட்டிப்பாக்குவதாக அறிவிப்பு வந்தது. இருந்த ஒவ்வொரு ரெஜிமென்டும் தன்னிலிருந்து ஒரு பகுதியைப் பிய்த்து இன்னொன்றை உருவாக்கியது. இந்தப் பிரிவினை பலருடைய தலையெழுத்தையே மாற்றியது. பிராட்ஃபோர்டைத் தலைமையிடமாகக் கொண்ட 70-ஆம் ஃபீல்ட் ரெஜிமென்ட் 46-ஆம் டிவிஷனோடு துனீசியாவுக்கும் இத்தாலிக்கும் போனது. அதிலிருந்து பிரிந்த 122-ஆம் ரெஜிமென்ட் மலாயாவுக்குப் போய், 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரில் சரணடைந்தது. ஒரே படையில் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்களில் யார் எந்தப் பட்டியலில் விழுந்தார் என்பதுதான் கணக்கு. சிங்கப்பூரில் பிடிபட்டவர்களில் பல்லாயிரம் பேரை ஜப்பானியர் சயாம் ரயில் பாதை போட அனுப்பினார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் சென்ற நம் தமிழர்களும் அதே பாதையில்தான் மாண்டார்கள். பிரிட்டிஷ் கைதிக்கு ஓர் அட்டையாவது இருக்கிறது, டபிள்யூ.ஓ. 345-ல். நம்மவர்களுக்கு அதுவும் இல்லை.

நாட்குறிப்பு வரிசைகளும் இங்கே களத்துக்குக் களம் மாறும். உள்நாடு டபிள்யூ.ஓ. 166, 1940 வரையிலான பிரான்ஸ் 167, மத்தியக் கிழக்கு 169, இத்தாலி 170, நார்மண்டி முதல் ஜெர்மனி வரை 171, தென்கிழக்கு ஆசியா 172, துனீசியா 175. உள்நாடு என்று அலட்சியம் வேண்டாம். டெரிட்டோரியல் பீரங்கி அதிகாரிகளில் ஏராளமானோர் விமான எதிர்ப்புப் பீரங்கிகளோடு பிரிட்டன் நகரங்களைக் காத்துக்கொண்டிருந்தார்கள். பழைய காலாட்படை பட்டாலியன்களே சில விமான எதிர்ப்புப் படைகளாக மாறின, எங்கள் ஊர் லீட்ஸ் ரைஃபிள்ஸ் உட்பட. தேடுவிளக்குப் படைகள் 1940 ஆகஸ்டில்தான் பொறியியல் படையிலிருந்து பீரங்கிப் படைக்கு வந்தன. ஆகவே பீரங்கி அதிகாரி ஒருவரின் முதல் வருடம் வேறு படையின் தலைப்பில் கிடக்கலாம்.

ஆள் நாட்குறிப்பிலிருந்து திடீரென்று காணாமல் போனால் ஸ்டாஃப் வேலைக்கு, அதாவது தலைமையக வேலைக்கு, போயிருக்கலாம். பின்னால் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சரான செல்வின் லாய்ட் 1939-ல் டெரிட்டோரியல் பீரங்கி அதிகாரி. போர் முடியும்போது செகண்ட் ஆர்மி தலைமையகத்தில் பிரிகேடியர். அப்படிப்பட்டவரை ரெஜிமென்ட் நாட்குறிப்பில் தேடினால் கிடைக்க மாட்டார், தலைமையகத்தின் நாட்குறிப்பைத்தான் புரட்ட வேண்டும். விருது வாங்கியவர் என்றால் டபிள்யூ.ஓ. 373-ல் பரிந்துரைப் படிவம் இருக்கும், என்ன செய்தார் என்று ஒரு பத்தியோடு. இரண்டாம் போர்க்காரரின் பணிக் கோப்புகள் 2022 முதல் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து கியூவுக்கு மாறிவருகின்றன. பிறந்து 115 வருடம் ஆகாதவர் என்றால் இறப்புச் சான்று காட்ட வேண்டும்.

கடைசியாக, முதல் போர்க்காரரின் சொந்தக் கோப்பு. டெரிட்டோரியல் அதிகாரிகளுடையது டபிள்யூ.ஓ. 374, பெயர் வரிசையில் சுமார் 77,800 கோப்புகள். இதை இணையத்தில் படிக்க முடியாது. அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொண்டுபோய் வாசகர் அட்டை எடுத்து, கோப்பை முன்கூட்டியே கேட்டு வைத்து, நேரில் பார்க்க வேண்டும். போக முடியாதவர்கள் காசு கட்டி நகல் வாங்கலாம். பேனாவுக்கு உள்ளே அனுமதி இல்லை, பென்சில்தான். உங்கள் கேமராவில் படம் எடுக்கக் கட்டணம் கிடையாது. முதன்மைக் கோப்புகள் 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் எரிந்துவிட்டன, நம் கைக்கு வருவது மிஞ்சிய கடிதப் போக்குவரத்துக் கோப்பு. ஆகவே வீரதீரத்தை எதிர்பார்க்காமல் போங்கள். மருத்துவக் குழு அறிக்கை, சம்பளத் தகராறு, விடுப்பு விண்ணப்பம், இவைதான் இருக்கும். 1922-க்குப் பிறகும் சேவையில் தொடர்ந்தவர் என்றால் கோப்பு இந்த வரிசையில் இல்லாமலே போகலாம். என் மேஜர் 1921-லேயே விலகியதால் தப்பித்தேன்.

கோப்பு மெலிதாக இருந்தது, நாற்பது தாள் கூட இல்லை. காயம் பற்றி இரண்டு தாள். மீதியில் பெரும்பகுதி ஒரே விவகாரம். பேட்டரி மீது குண்டு விழுந்தபோது சொந்தக் காசில் வாங்கிய தொலைநோக்கி நொறுங்கிவிட்டதாம், அதற்கு இழப்பீடு கேட்டு எழுதியிருக்கிறார். ரசீது எங்கே என்று அலுவலகம் கேட்கிறது. ரசீதும் அதே குண்டில் போய்விட்டது என்று அவர் பதில் எழுதுகிறார். மறுபடியும் ரசீது எங்கே என்று கேட்கிறார்கள். நான்காவது கடிதத்தில் அவர் கையெழுத்து காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தமாக விழுந்திருக்கிறது.